எஃப்40: சாலைக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை வழியாகப் பாறசாலைக்கு வருகிற தேசிய நெடுஞ்சாலை 66, ஒரு காரிடம் என்னென்ன கேட்கிறது என்று கணக்கெடுத்துப் பார்க்கலாம். வளைவுக்கு வளைவு வேகம் மாற வேண்டும். பள்ளிக்கூடத்தின் முன்னால் ஊர்ந்து போக வேண்டும். வேகத்தடையில் அடிப்பக்கம் தட்டாமல் ஏறி இறங்க வேண்டும். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் பத்து நிமிடம் நின்றாலும் இன்ஜின் கொதிக்கக் கூடாது. இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷ மழையிலும் தார் மேல் தண்ணீர் ஓடும்போது பிரேக் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து, இஞ்சிவிளை கடந்து களியக்காவிளை எல்லையைத் தாண்டுகிற பழைய மாருதி 800-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தச் சாலையையே சோதனைக் களமாக வைத்து, உலகம் கொண்டாடும் ஓர் இத்தாலியக் காரை இங்கே கற்பனையில் ஓட்டிப் பார்க்கலாம். ஃபெராரி எஃப்40 என்ற பெயரில் இரண்டு வகைக் கார்கள் உண்டு. ஒன்று, 1987இல் சாலைக்காக வெளிவந்த எஃப்40. மற்றொன்று, அதைப் பந்தயத்துக்காகத் திருத்திக் கட்டிய எஃப்40 எல்எம். இரண்டுக்கும் ஒரே சாயல், ஒரே குடும்பத்து இன்ஜின், ஒரே வகை இரும்புக் குழாய்ச் சட்டகம். இரண்டுமே இடப்பக்க ஸ்டியரிங் உள்ளவை என்பதால் நம் சாலையில் பதிவு செய்வதே பெரும்பாடு. அந்தச் சட்டச் சிக்கலை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். நெய்யாற்றின்கரையில் கிளப்பிவிட்டால், சாலைக்கான எஃப்40 சிரமப்பட்டாவது பாறசாலை வந்து சேரும். சக்தியில் ஒன்றரை மடங்கு பெரியதான எல்எம் வழியிலேயே நின்றுபோகும். வலிமை கூடிய கார் ஏன் தோற்கிறது? இதற்குப் பதில் தேடிப் போனால், கண்ணில் படாத ஏராளமான பொறியியலைக் கண்டுகொள்ளலாம்.

விதிப்புத்தகத்தில் பிறந்த கார்

எஃப்40-இன் கதை ஒரு பந்தய விதியில் தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் உலக மோட்டார் பந்தய நிர்வாகம் 'குரூப் பி' என்றொரு பிரிவை வகுத்தது. ஒரு மாதிரியில் குறைந்தது 200 கார்களைக் கட்டிய நிறுவனம்தான் அதைக் களத்தில் இறக்கலாம். டர்போ பொருத்திய இன்ஜின்களுக்கு ஒரு தனிக் கணக்கும் இருந்தது. இன்ஜினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கி, வருகிற எண்ணை வைத்து எந்தப் பிரிவு என்று ஒதுக்குவார்கள்.

1984இல் ஃபெராரி அறிமுகப்படுத்திய 288 ஜிடிஓவின் இன்ஜின் கொள்ளளவு 2855 சிசி. அதை 1.4ஆல் பெருக்கிப் பாருங்கள்: 3997. நான்காயிரம் சிசி வரம்புக்கு உள்ளே, மூன்றே சிசி மிச்சம்! பணக்காரர்கள் வாங்கி ஊருக்குள் ஓட்டிய ஒரு காரின் சிலிண்டர் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதைப் பந்தய விதியின் ஒரு வரி தீர்மானித்திருக்கிறது. அந்த மாதிரியில் 272 கார்கள் கட்டப்பட்டன. தொடர்ந்து, அதைவிடக் கடுமையான ஒரு பந்தய வடிவத்தையும் ஃபெராரி உருவாக்கியது. 288 ஜிடிஓ எவலூசியோனே என்று பெயர். சுமார் 650 குதிரைத்திறன்.

அந்தக் கார் களம் காணவில்லை. 1986 மே 2 அன்று, கோர்சிகா தீவில் நடந்த ராலியில் ஹென்றி டோய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் சென்ற லான்சியா கார் சாலையை விட்டு விழுந்து எரிந்தது. இருவரும் இறந்தனர். அந்த ஆண்டோடு குரூப் பி பிரிவையே நிறுத்திவிட்டார்கள். களம் மூடிவிட்டது, களத்துக்கென்று கட்டிய கார் மட்டும் கையில் இருந்தது.

பொறியாளர் நிக்கோலா மாத்தராட்சியின் குழு அந்த அனுபவத்தைச் சாலைக்குத் திருப்பியது. ஃபெராரி நிறுவனம் தன் பெயரில் கார் கட்டத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் நிறைந்த வேளையில், 1987 ஜூலை 21 அன்று, மாரனெல்லோவில் எஃப்40 வெளியானது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று நிறுவனர் என்சோ ஃபெராரி தம் 90ஆவது வயதில் மறைந்தார். அவர் காலத்தில் வெளிவந்த கடைசிக் கார் என்ற பெயர் எஃப்40-க்கு நிலைத்துவிட்டது. முதலில் நானூறு கார்கள் கட்டினால் போதும் என்று நினைத்தார்கள். 1992இல் உற்பத்தி முடிந்தபோது எண்ணிக்கை 1300ஐத் தாண்டியிருந்தது.

பந்தயத்திலிருந்து சாலைக்கு வந்த இந்தக் கார் மறுபடி பந்தயத்துக்குத் திரும்பியது. ஃபெராரி பிரான்சின் தூண்டுதலில், இத்தாலியின் பாதுவா நகரத்தைச் சேர்ந்த மிக்கெலோத்தோ நிறுவனம் எஃப்40 எல்எம்மைக் கட்டியது. இருபதுக்கும் குறைவான கார்கள்தான். 1989இல் அமெரிக்காவின் லகுனா செக்கா களத்தில் முதன்முதலாக இறங்கியபோது, ஜான் அலேசி அதை மூன்றாம் இடத்துக்கு ஓட்டி வந்தார்.

எடை எங்கே போனது?

சாலைக்கான எஃப்40-இன் கதவைத் திறந்தால் உள்ளே கைப்பிடி இருக்காது. இழுத்துத் திறக்க ஒரு கயிறு தொங்கும். தரைவிரிப்பு இல்லை. ரேடியோ இல்லை. தொடக்கத்தில் வந்த கார்களின் பக்கக் கண்ணாடிகள் பிளாஸ்டிக் பலகைகளாக இருந்தன. தள்ளித்தான் திறக்க வேண்டும். உடல் முழுவதும் கெவ்லாரும் கார்பன் இழையும். எடையைக் குறைக்க வர்ணத்தை அத்தனை மெல்லிதாகப் பூசியதால், உற்றுப் பார்த்தால் அதனடியில் இழைகளின் நெசவு தெரியும். இவ்வளவையும் துறந்த காரில் பெரும்பாலும் ஏ.சி. மட்டும் இருந்தது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போது அதைத் துறக்க முடியாது.

பெட்ரோலும் எண்ணெயும் ஊற்றாத நிலையில் காரின் எடை 1100 கிலோ என்பது ஃபெராரி தந்த கணக்கு. நம் அம்பாசிடர் காரும் ஏறக்குறைய அந்த எடைதான். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன் தந்தது. எஃப்40 தந்தது 478.

எல்எம்மில் இன்னும் எவ்வளவு எடை குறைந்திருக்கும்? பாதி குறைந்திருக்கும் என்று தோன்றலாம். உண்மையில் குறைந்தது சுமார் 50 கிலோதான். ஏனென்றால் எடுக்கக்கூடியதையெல்லாம் சாலைக் காரிலேயே எடுத்துவிட்டார்கள். பந்தயக் காரிலோ சேர்க்க வேண்டியவை நிறைய இருந்தன: கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு, பெரிய பிரேக் டிஸ்க்குகள், அகலமான சக்கரங்கள், சட்டகத்துக்குக் கூடுதல் தாங்கிகள். சாலைக் காரில் மேலெழும்பித் திறக்கும் முன்விளக்குகள் இருந்தன. எல்எம்மில் அவற்றை நீக்கி, கண்ணாடி மூடிக்குள் நிலையான விளக்குகளைப் பொருத்தினார்கள். தூக்கும் மோட்டாரின் எடை மிச்சம். விளக்கு எழும்பி நின்று காற்றைத் தடுப்பதும் இல்லை. விளக்கு இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிற சட்டம் பந்தயத் தடத்தில் கிடையாது.

காற்றைத் தின்னும் இன்ஜின்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. பங்கில் பெட்ரோல் போடும்போது நாம் பணம் கொடுத்து வாங்குவது எரிபொருளை மட்டும்தான். அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள காற்றை இன்ஜின் வழியிலேயே இலவசமாக எடுத்துக்கொள்கிறது. எந்த இன்ஜினின் சக்திக்கும் எல்லை வகுப்பது, அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்க முடியும் என்பதே.

எஃப்40-இன் இன்ஜின் 2936 சிசி, எட்டு சிலிண்டர்கள். ஜப்பானிய ஐஎச்ஐ நிறுவனத்தின் இரண்டு டர்போக்கள் அதற்குக் காற்றை ஊட்டுகின்றன. புகைக்குழாயில் சீறி வெளியேறும் வாயு ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சுழலி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. வீணாகப் போக இருந்த ஆற்றலிலிருந்தே இந்த வேலை நடக்கிறது. சாலைக் காரில், சாதாரண வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கைவிடச் சற்றே கூடுதலாக அழுத்தம் ஏறும். எல்எம்மில் அதை மேலும் உயர்த்தினார்கள். ஒரே கொள்ளளவில் 478 குதிரைத்திறன் 720ஆக ஏறியது.

இதற்கு ஒரு விலை உண்டு. சைக்கிள் பம்பை அடித்தால் அதன் அடி சுடுகிறதே, அதே இயற்பியல்தான். நம் ஊர் வெயிலில் 30 டிகிரியில் உள்ள காற்றை இரண்டு மடங்குக்கு அமுக்கினாலே அதன் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டிப் போய்விடும். சூடான காற்று விரிந்து நிற்கும். அதில் ஆக்சிஜன் அடர்த்தி குறையும். மேலும், நேரம் வருமுன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை அடித்து நொறுக்கும். அதனால் அமுக்கிய காற்றை இன்டர்கூலர் வழியே செலுத்தி ஆற்றிய பிறகுதான் இன்ஜினுக்குள் விடுகிறார்கள். இன்டர்கூலரை ஆற்றுவது எது? கார் ஓடும்போது அதன் மேல் மோதுகிற வெளிக்காற்று. கார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பந்தய இன்ஜினின் முதல் நிபந்தனை. பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலைத் தெரிந்தவர்களுக்கு இந்த நிபந்தனை எங்கே உடையும் என்று சொல்லத் தேவையில்லை.

டர்போவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் சக்தி வராது. புகை வாயு பெருகி, சுழலி வேகமெடுத்த பிறகே வரும். அந்த இடைவெளி கழிந்ததும் சக்தி ஒரேயடியாக வந்து சேரும். பந்தயத் தடத்தில் ஓட்டுநர் வளைவின் நடுவிலேயே மிதித்து, வளைவு முடியும் இடத்தில் சக்தி வந்து சேரும்படி கணக்கிட்டுக்கொள்வார். அதே வளைவை அவர் ஐம்பது முறை, நூறு முறை சுற்றுகிறவர். உதியன்குளங்கரைப் பக்கத்து வளைவில் அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டோ வரலாம், ஆடு வரலாம்.

ஒன்றரை மடங்கு சக்தியின் கணக்கு

சக்தி ஒன்றரை மடங்காகிவிட்டதே, வேகமும் ஒன்றரை மடங்காகுமா? சாலைக்கான எஃப்40-இன் உச்ச வேகம் மணிக்கு 324 கி.மீ. அதன் ஒன்றரை மடங்கு 486. எந்த எல்எம்மும் அந்த வேகத்தின் அருகே கூடப் போனதில்லை.

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அந்த எதிர்ப்பை வென்றுகொண்டே ஓடத் தேவையான சக்தி முப்படிக்கு ஏற்ப, அதாவது எட்டு மடங்கு ஏறுகிறது. திருப்பிப் பார்த்தால், சக்தி ஒன்றரை மடங்கானால் வேகம் அதன் முப்படி மூலத்தின் அளவே கூடும்: 1.145 மடங்கு. உடல் வடிவம் மாறாமல் இருந்தாலும் 370 கி.மீ.யை ஒட்டித்தான் போக முடியும். ஐம்பது சதவீதம் கூடுதல் சக்திக்குப் பதினைந்து சதவீதம் கூடுதல் வேகம்.

பந்தயக்காரர்கள் அதையும் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. பின்னால் சாய்வை மாற்றத்தக்க இறக்கையும், முன்னால் தரையை நெருங்கித் தாழ்ந்த தாடையும் வைத்து, வரும் காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்துகிறார்கள். நேர்ப்பாதையில் இது வேகத்தைக் கொஞ்சம் தின்னும். வளைவில் டயர் தரையை இறுகப் பிடிப்பதால் அந்த இழப்பைப் போல் பல மடங்கு திரும்பக் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்பதுதான் களத்தின் கேள்வி. உச்ச வேகம் அதில் ஒரு சிறு பகுதிதான்.

இதற்கு மிக அழகான சான்று, எஃப்40-க்குப் பின் வந்த பிரிட்டிஷ் கார் ஒன்றில் இருக்கிறது. மெக்லாரன் எஃப்1 சாலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட கார், 627 குதிரைத்திறன். அதன் பந்தய வடிவமான ஜிடிஆரில், விதிப்படி காற்று புகும் வழியைச் சுருக்கியதால் சக்தி சுமார் 600ஆகக் குறைந்தது. சாலைக் காரைவிடச் சக்தி குறைந்த அந்தப் பந்தயக் கார்தான் 1995இல் லெ மான் 24 மணி நேர ஓட்டத்தை வென்றது. டயர், இறக்கை, பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே வேலைக்கு ஒத்துழைத்தபோது, இழந்த குதிரைகளைப் பற்றி அந்தக் கார் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அப்போது எட்டு வயதாகிவிட்ட எஃப்40-இன் பந்தய வடிவங்களும் இதே காலத்தில் ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப் களத்தில் வெற்றி கண்டன.

நெய்யாற்றின்கரை முதல் பாறசாலை வரை

இப்போது இரண்டு கார்களையும் நம் சாலைக்குக் கொண்டுவருவோம்.

முதல் சோதனை வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஊர்ச் சாலைகளில் அளவு பார்க்காமல் போட்டவை இதைவிடக் கொடியவை. பந்தயக் கார் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் ஓட வேண்டும். அடிப்பக்கக் காற்றோட்டம் அந்த இடைவெளியை நம்பியிருக்கிறது. காற்று அழுத்தும்போது உடல் அமிழ்ந்துவிடாமல் தாங்க, ஸ்பிரிங்குகளும் மிக விறைப்பாக இருக்கும். எல்எம்மின் தாடை முதல் வேகத்தடையிலேயே உடையும். சாலைக் காரும் தாழ்வானதுதான். ஆனால் பின்னாளில் வந்த எஃப்40-களில் உடலை ஏற்றி இறக்கும் சஸ்பென்ஷனைப் பொருத்தினார்கள். அதிவேகத்தில் தாழும், மேடு வந்தால் உயரும். உலகின் அதிவேகக் கார்களில் ஒன்று சாலையின் மேட்டுக்கு மரியாதை செய்யக் கற்றுக்கொண்டது.

இரண்டாவது சோதனை இறக்கை. 300 கி.மீ. வேகத்தில் 250 கிலோ எடைக்கு இணையாக அழுத்துகிற ஓர் இறக்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. அழுத்தம் இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 10 கிலோ. பின் இருக்கையில் ஒரு சிறு அரிசிப் பையை வைத்தாலே அந்த எடை வந்துவிடும். நம் சாலைக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகங்களில் இறக்கை செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

மூன்றாவது, பிரேக். ஓட்டுநரோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் 300 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 42 லட்சம் ஜூல். காரை நிறுத்தும்போது அதில் பெரும்பங்கு நான்கு டிஸ்க்குகளில் வெப்பமாக மாறும். கிணற்றிலிருந்து எடுத்த 14 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது, சில விநாடிகளுக்குள். பந்தய பிரேக் பேட்கள் அந்தச் சூட்டில் வேலை செய்வதற்கென்றே கலக்கப்பட்டவை, சூடேறினால்தான் கடிக்கும். 60 கி.மீ. வேகத்தில் உண்டாகும் வெப்பம் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பேட்கள் குளிர்ந்தே கிடக்கும். பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளை சாலையில் இறங்கும்போது, களத்தில் உலகத்தரமான அந்த பிரேக், காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய சாதாரணக் காரின் பிரேக்கைவிடத் தாமதமாகப் பிடிக்கும். சாலை எஃப்40-இன் பேட்கள் குளிரிலும் பிடிக்கத்தக்கவை. ஆனால் அதிலும் ஏபிஎஸ் கிடையாது. காலுக்கு உதவும் சர்வோவும் கிடையாது. முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். இன்று நம் ஊர்ச் சிறிய கார்களில்கூட இரண்டும் உண்டு.

நான்காவது, மழை. இதுதான் மிகக் கடினமான தேர்வு. உலர்ந்த தடத்தில் ஓடும் பந்தய டயருக்கு வரிப்பள்ளம் இருக்காது. தரையைத் தொடும் பரப்பு முழுவதும் ரப்பர். சூடேறி இளகும்போது பசைபோல் பிடிக்கும். தண்ணீர் தேங்கிய சாலையிலோ, வெளியேற வழியில்லாத நீர் டயருக்கும் தாருக்கும் இடையே சிக்கி, டயரையே மேலே தூக்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. விமானங்கள் ஈரமான ஓடுதளத்தில் வழுக்குவதை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் 1960களில் ஓர் எளிய விதியைக் கண்டார்கள்: வழுக்கத் தொடங்கும் வேகம், டயரில் அடித்த காற்றழுத்தத்தின் இருபடி மூலத்தைப் பொறுத்தது. 30 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயர், வரிப்பள்ளத்தையும் மூடும் அளவுக்கு நீர் தேங்கினால், மணிக்கு ஏறத்தாழ 90 கி.மீ. வேகத்தில் முழுதாக மிதக்கும். டயர் தேய்ந்து மொட்டையாக இருந்தால் மெல்லிய நீர்ப்படலமே போதும். சாலைக்கான எஃப்40-இன் பின் டயர் 335 மில்லிமீட்டர் அகலம். அகலம் கூடக்கூடத் தள்ளவேண்டிய தண்ணீரும் கூடும் என்பதால், வரிப்பள்ளம் இருந்தும் கனமழையில் அந்தக் காரை மிகுந்த கவனத்தோடு ஓட்ட வேண்டும். துலாவர்ஷ இடிமழையில் ஐப்பசி மாத மாலை ஒன்றில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க இந்தச் சாலையைக் கடக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளது ஒல்லி டயர் போட்ட குடும்பக் காருக்குத்தான்.

வளைவின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், நல்ல சாலை டயரோடு உலர்ந்த தாரில் ஒரு கார் தாங்கும் எல்லை வேகம் ஏறத்தாழ 75 கி.மீ. நனைந்த தாரில் அது 56 கி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. இந்தச் சமன்பாட்டில் குதிரைத்திறனுக்கு இடமே இல்லை. 478ஆக இருந்தாலும் 720ஆக இருந்தாலும் பழைய மாருதி 800-இன் 37ஆக இருந்தாலும் எல்லை ஒன்றுதான். டயரும் தாரும் ஒன்றையொன்று பிடிக்கும் அளவே அதைத் தீர்மானிக்கிறது.

சோழவரத்திலும் கோயம்புத்தூரிலும்

சாலைக் காரைக் களத்துக்குத் திருத்துகிற இந்தக் கலை இத்தாலிக்கு மட்டும் உரியதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று போர் முடிந்தபின் பந்தயத் தடமானது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பதிற்றாண்டுகள் பந்தயம் நடத்தியது. அந்தத் தடத்தில் ஓடிய கார்களில் இத்தாலிய ரத்தம் உள்ள ஒன்றும் உண்டு: ஃபியட் 1100. டுரினில் வடிவம் பெற்று, பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கட்டிய கார். பின்னர் பிரீமியர் பத்மினி என்ற பெயரில் திருவனந்தபுரம் முதல் நாகர்கோவில் வரை குடும்பங்களைச் சுமந்தது.

வீட்டு வாசலில் நின்ற அந்த 1089 சிசி காரைக் களத்துக்குத் தயார் செய்ய, வொர்க்‌ஷாப்பில் செய்யும் வேலைகள் எளிமையானவை, ஆனால் அறிவியல் நிறைந்தவை. பின் இருக்கையும் விரிப்பும் வெளியே போகும். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை லேத்தில் கொடுத்துச் சீவுவார்கள். எரியறை சுருங்கி, அதே காற்று இன்னும் இறுக்கமாக அமுங்கும். ஒவ்வொரு துளி பெட்ரோலிலிருந்தும் கூடுதல் வேலை கிடைக்கும். பெரிய கார்ப்புரேட்டர் வந்தால் காற்று கூடுதலாகப் புகும். ஸ்பிரிங்கைக் குறுக்கிக் காரைத் தாழ்த்துவார்கள். மாரனெல்லோவில் டர்போவும் கார்பன் இழையும் செய்ததை இங்கே லேத்தும் ஸ்பானரும் செய்தன. கூடுதல் காற்று, கூடுதல் அமுக்கம், குறைந்த எடை, தாழ்ந்த உடல் என்ற நான்கு விதிகளும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன் இன்னொரு வழியில் போனார். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. கோடிகள் இல்லாத இளைஞர்களும் உண்மையான பந்தயக் காரை ஓட்டிப் பழக அது வழி திறந்தது. அவர் பெயரால் அமைந்த கரி மோட்டார் ஸ்பீடுவே செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. 1990இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறந்தது. தமிழ்நாட்டு மண்ணிலிருந்து கிளம்பிய கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார்.

கரிவர்தனின் கதையில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று உண்டு. களியக்காவிளைச் சந்தைக்குப் போய்வரும் அதே இன்ஜின், வேறு சட்டகத்தில், வேறு டயரோடு, வேறு தரையில் பந்தய இன்ஜின் ஆகிவிட்டது. இன்ஜின் தனியாகச் சாலைக்கானதோ களத்துக்கானதோ அல்ல. எந்தத் தரையில், எந்தச் சூட்டில், யார் நடுவே ஓடப்போகிறது என்பது முடிவான பிறகே மற்ற ஒவ்வொரு பாகத்தின் அளவும் முடிவாகிறது.

அந்நியர்களுக்கான பொறியியல்

பந்தயக் கார் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். தரை வழுவழுப்பானது, எதிரே வாகனம் வராது, நடந்து போகிறவர்கள் இல்லை, ஓட்டுநர் பயிற்சி பெற்றவர், தலைக்கவசமும் தீத்தடுப்பு உடையும் அணிந்தவர், சில மணி நேரம் ஓடியபின் இன்ஜினைப் பிரித்து மாட்ட மெக்கானிக்குகள் காத்திருக்கிறார்கள். சாலைக் காருக்கு இந்தச் சலுகைகளில் ஒன்றும் கிடையாது. சைலன்சர் வழியோரத்து வீட்டில் தூங்கும் குழந்தைக்காக. இண்டிகேட்டர் பின்னால் பைக்கில் வருபவருக்காக. மென்மையான ஸ்பிரிங், பள்ளத்தில் இறங்கும்போதும் சக்கரம் தரையை விட்டு எழாமல் இருப்பதற்காக. குளிரில் பிடிக்கும் பிரேக், எப்போது யார் குறுக்கே வருவார் என்று தெரியாததற்காக. பந்தய ரசிகர்கள் இவற்றைச் சமரசம் என்று சொல்லி ஒதுக்குவதுண்டு. முன்பின் தெரியாத மனிதர்கள்மேல் பொறியாளர் வைத்த அக்கறை என்றே நான் இவற்றைப் பார்க்கிறேன்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கே.எல். 19, கே.எல். 20, டி.என். 75 என்று பாறசாலை, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் வண்டிகள் கலந்து ஓடும் இந்த எல்லைப் பகுதியிலும், வேறெங்கும் போலவே, வண்டியைப் 'பந்தய வண்டி'யாக்கும் ஆசை இளைஞர்களைப் பிடித்திருக்கிறது. சைலன்சரைக் கழற்றுகிறார்கள், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிறார்கள், அளவுக்கு மீறிய டயர் போடுகிறார்கள், இறக்கை ஒட்டுகிறார்கள். மேலே போட்ட கணக்குகள் ஒவ்வொன்றும் இதற்கு எதிராக நிற்கின்றன. இறக்கை 60 கி.மீ.யில் வேலை செய்யாது. வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரத்தைத் தூக்கிவிடும். அகல டயர் மழையில் முன்னதாகவே மிதக்கும். சட்டமும் இதையே சொல்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. களத்தின் பாகத்தைச் சாலையில் பொருத்தினால் வண்டி வேகமாவதில்லை. பிறர் பாதுகாப்புக்காகச் செய்துவைத்த ஏற்பாடு ஒன்று கழன்றுபோகிறது.

அந்த ஆசையை நான் பழிக்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் மயங்குகிற மனம்தான் மாத்தராட்சியையும் கரிவர்தனையும் உருவாக்கியது. அந்த மனத்துக்குத் தேவை களம். அதற்கு இருங்காட்டுக்கோட்டையும் செட்டிப்பாளையமும் இருக்கின்றன. நம் கல்லூரிகளின் மெக்கானிக்கல் துறைகளில் இந்தக் கணக்குகளை லேத்திலும் வெல்டிங்கிலும் செய்துபார்க்க வசதி இருக்கிறது. இரும்புக் குழாயை வளைத்து ஒரு சிறு பந்தயக் காரைத் தாங்களே கட்டிப் பார்க்கிற மாணவர்களுக்கு, பந்தயக் கார் எவ்வளவு அற்புதமானது என்று தெரியவரும். சாலையில் ஓடும் சாதாரணக் கார் அதைவிட எத்தனை கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கிறது என்பதும் அதே வேலையில்தான் தெரியவரும்.